கொதிக்க வையுங்கோ என்று நான் சொன்னேன்

அந்தச் சோதனைத் தாள் சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். நுனியில் வெள்ளையாக ஒரு சின்னச் சதுரம். கனடாவில் இருந்து வந்திருந்த மாணவி ஹனா அதைக் கிளாஸில் இருந்த கிணற்றுத் தண்ணீரில் தோய்த்து எடுத்து, ஒரு உதறு உதறிவிட்டு, மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றாள். நிறம் மாற ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும்.

அந்த ஒரு நிமிடமும் தவமலர் தன் கிணற்றைப் புகழ்ந்துகொண்டிருந்தார்.

"இந்த ஒழுங்கையிலை எங்கடை தண்ணிக்கு நிகரில்லை, ரீச்சர். பருப்புப் போட்டால் கெதியா அவியும். தேத்தண்ணி போட்டால் பால் திரளாது. கோடையிலை நாலு வீட்டுக்காரர் இங்கைதான் வந்து அள்ளுறவை. நான் ஒருத்தரையும் மறிக்கிறேல்லை."

ஈர மண்ணும் புகையிலையும் கலந்த மணம் தோட்டத்தில் இருந்து வந்தது. நாங்கள் குடித்து முடித்த தேநீர்க் கோப்பைகள் கிணற்றுக் கட்டில் இருந்தன. குசினி வாசலில் தவமலரின் மகள் சுகன்யா, பிறந்து ஐம்பது நாள்கூட ஆகாத மகனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றாள்.

வெள்ளைச் சதுரம் ரோசா நிறமானது. பிறகு செவ்வரத்தம்பூச் சிவப்பானது. ஹனா அதைப் போத்தலில் ஒட்டியிருந்த நிறப் பட்டியலோடு வைத்துப் பார்த்தாள். பட்டியலின் கடைசிக் கட்டத்தைவிடவும் கடும் நிறம்.

அவள் என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"இந்தத் தண்ணீரை அந்தக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. பால்மா கரைக்கவும் கூடாது. இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள்."

நான் தவமலரைப் பார்த்தேன். பரீட்சை மறுமொழிக்கு நிற்கும் பிள்ளையைப்போல, ஆனால் முதலாவதாக வரப்போவது தான்தான் என்று தெரிந்த பிள்ளையைப்போல, அவர் சிரித்தபடி நின்றார்.

"தண்ணியிலை உரச்சத்துக் கொஞ்சம் கூடவாம், அக்கா," என்றேன். "பிள்ளைக்குக் குடுக்கேக்கை மட்டும் நல்லாக் கொதிக்க வையுங்கோ."

ஒரு வாசகியின் கேள்வி

கொக்குவிலில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். "ஆறு வாரமாக இந்தத் தொடரில் உங்கள் மொழிபெயர்ப்பு அனுபவங்களைப் படிக்கிறேன். எல்லா இடத்திலும் நீங்கள் கெட்டிக்காரியாகவே வருகிறீர்கள். ஒருமுறைகூடப் பிழை விட்டதில்லையா?"

நியாயமான கேள்வி. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். இந்த வாரம் எழுதலாம் என்று வைத்திருந்தது வேறு ஒரு விஷயம். அது கிடக்கட்டும்.

அந்த ஊர் சண்டிலிப்பாய்ப் பக்கம் என்று மட்டும் சொல்கிறேன். பெயரைப் போட மாட்டேன் என்று அங்குள்ளவர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

கனடாப் பிள்ளைகள்

நாலு பேர் வந்திருந்தார்கள். கனடாவில் ஒரு கல்லூரியில் நிலைபேறான சமூக அபிவிருத்தி படிக்கிறவர்கள். படிப்பில் ஒரு பருவம் வெளிநாட்டில் ஒரு கிராமத்தோடு இருந்து வேலை செய்ய வேண்டும் என்பது விதி. மூன்று மாதம். அவர்களின் பேராசிரியர் யாழ்ப்பாண நகரத்தில் தங்கியிருந்து வாரம் ஒருமுறை வந்து பார்ப்பார். நான் கோப்பாயில் இருந்து ஒவ்வொரு நாளும் ஸ்கூட்டியில் போய் அவர்களுக்கு வாயாகவும் காதாகவும் இருந்தேன்.

கனடா என்றதும் ஊர் பட்ட பாட்டைப் பார்த்திருக்க வேண்டும். யாரைப் போய்ப் பார்த்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "எங்கடை பெரியண்ணையின்ரை மகன் ஸ்காபுரோவிலை இருக்கிறான். தெரியுமோ எண்டு கேளுங்கோ." ஹனா ஒவ்வொரு முறையும் பொறுமையாகத் தலையாட்டி, தன்னுடைய ஊர் அங்கிருந்து ஒரு முழுநாள் கார் ஓட்டம் என்று சொல்லுவாள். அவளுக்கு இருபது வயது. பால்மாடு வளர்க்கும் குடும்பம். கை இரண்டும் தோட்டக்காரரின் கைபோல இருக்கும். மற்ற மூவரும் மண்வெட்டியைப் படம் எடுத்தார்கள், அவள் வாங்கிக் கொத்தினாள்.

பேராசிரியரின் திட்டம், குப்பையையும் இலைகுழையையும் உக்கவைத்து எருவாக்க, ஊருக்குப் பொதுவாக ஒரு கூட்டெரு முற்றம் அமைப்பது. அதற்காக வீடு வீடாகப் போய்க் கருத்துக் கேட்டோம். எல்லா வீட்டிலும் ஒரே மறுமொழி: "ஓம், நல்ல விஷயம். பாப்பம்." நான் அதை "ஆம், நல்ல யோசனை" என்று மொழிபெயர்த்தேன். பிள்ளைகள் கொப்பியில் சந்தோஷமாகக் குறித்துக்கொண்டார்கள். "பாப்பம்" என்றால் எங்கள் ஊரில் என்ன பொருள் என்று இதை வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

கிணற்று நீரைச் சோதிப்பது திட்டத்திலேயே இல்லை. அந்தத் தாள்களை ஹனா தன்னுடைய பெட்டியில் கொண்டுவந்திருந்தாள். தோட்டக்காரர் யூரியா வீசுகிறதைக் கண்ட நாளில் இருந்து, போகிற வீடுகளில் கேட்டுவிட்டு ஒரு கிளாஸ் தண்ணீர் வாங்கிப் பார்க்கத் தொடங்கினாள்.

பூ வைத்த வாய்

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்த ஆண்டில். வடகரையில் ஒரு முகாம். வெளிநாட்டு நிவாரண அலுவலகம் ஒன்றுக்கு ஆங்கிலம் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. நான் அப்போது ரியூசன் கொடுத்துக்கொண்டிருந்த சின்னப் பெட்டை. ரீச்சர் என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

ஒருநாள் அந்த அலுவலகத்து அதிகாரி, கடற்றொழிலாளர் குடும்பங்களைக் கூப்பிட்டு வைத்து, "இந்த ஆண்டு உங்களுக்கு வள்ளம் தர எங்களால் முடியாது" என்றார். முன்னால் நிலத்தில் இருந்தவர்களில் அரைவாசிப் பேர் வீட்டில் ஒரு ஆளையாவது இழந்தவர்கள். என் வாயில் அந்தச் சொல் வரவில்லை. "வள்ளத்தைப் பற்றி யோசிக்கினமாம், கொஞ்சம் சுணங்குமாம்" என்று சொன்னேன். சனம் தலையாட்டியது. அதிகாரி, சனம் இவ்வளவு அமைதியாக ஏற்றுக்கொண்டதே என்று வியந்தார். போகும்போது எனக்குக் கைகொடுத்தார்.

அந்த அலுவலகத்தில் இருந்து அடுத்த அலுவலகத்துக்கு என் பெயர் போனது. வசந்தி நல்ல மொழிபெயர்ப்பாளர், அவர் இருந்தால் பிரச்சினை வராது. ஊரில் சொல்லுவார்கள்: "ரீச்சர் வாயிலை பூ வைச்சுக் கதைப்பா."

வள்ளத்துக்காக ஒரு மனிதர் மாதாமாதம் அலுவலகத்துக்கு வந்து, வாங்குப் பலகையில் குந்தி, விசாரித்துவிட்டுப் போனார். கடைசியில் வராமல் விட்டார். அவர் வேறு எங்காவது கடன்பட்டு வலை வாங்கியிருக்கலாம். என்னுடைய ஒரு வசனத்தை நம்பி அவர் எத்தனை மாதம் இருந்தார் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இந்த அத்தியாயம் இருந்திராது.

கொதித்தாறிய நீர்

ஏன் "கொதிக்க வையுங்கோ" என்று என் வாயில் வந்தது?

என் வயதுக்காரருக்கு விளங்கும். நாங்கள் இடம்பெயர்ந்து இருந்த பள்ளிக்கூடங்களில் எல்லாம் அந்தச் சுவரொட்டி ஒட்டியிருந்தது. "கொதித்தாறிய நீரைப் பருகுவோம்." வயிற்றோட்டம் வந்தாலும் அதுதான், நெருப்புக்காய்ச்சல் வந்தாலும் அதுதான். வானொலியிலும் அதுதான். தண்ணீரில் என்ன குற்றம் இருந்தாலும் நெருப்பு தீர்த்துவிடும் என்பது எங்களுக்கு வேதம்.

அன்றைக்கும் அப்படித்தான். ஹனா சொன்னதை அப்படியே சொன்னால் தவமலரின் முகம் கறுக்கும். அவர் வீட்டுத் தேநீரைக் குடித்த கோப்பையின் சூடு ஆறவில்லை. கொதிக்க வைத்தால் சரிதானே என்று நானாகவே ஒரு மருந்தைச் சேர்த்து, நானாகவே ஒரு தடையை எடுத்துவிட்டேன். தவமலர் "அதுக்கென்ன, வைக்கலாம்" என்றார். ஹனாவுக்கும் அவர் தலையாட்டியது போதுமாக இருந்தது.

எல்லாரும் திருப்தி. வெளிக்கிட்டு வந்தோம்.

நாலாம் நாள்

நாலு நாள் கழித்து, காலை. பிள்ளைகள் வாடகைக்கு இருந்த வீட்டு விறாந்தையில் ஹனா கொப்பியைத் திறந்து வைத்து, கிணறு கிணறாக எழுதிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

"தவமலர் வீட்டில் குழந்தைக்கு இப்போது தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறார்கள்?" என்று கேட்டாள்.

"அதே கிணறுதான். நன்றாகக் கொதிக்க வைத்துக் கொடுக்கச் சொன்னேனே," என்றேன்.

அவள் பேனாவை மூடி மேசையில் வைத்தாள்.

"வசந்தி, நான் கொதிக்க வைக்கச் சொல்லவில்லை."

"இல்லை. நான்தான்..."

"இது கிருமி இல்லை. நைத்திரேற்று. உரத்தில் இருந்து வருவது. கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் ஆவியாகப் போகும், இது சட்டியில் நிற்கும். கொதிக்கக் கொதிக்கக் கூடும். பெரியவர்கள் தாங்குவார்கள். பால்மா குடிக்கிற சின்னக் குழந்தையின் இரத்தத்தில் பிராணவாயு சேராமல் போகும்."

அவள் சத்தம் போடவில்லை. எழுந்து போய்ச் செருப்பைப் போட்டாள். நான் ஸ்கூட்டித் திறப்பைத் தேடினேன். அது என் கையிலேயே இருந்தது.

ஸ்கூட்டியில் ஒன்றரை மைல். வழியில் பீற்றூட் பாத்திக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். மோட்டர் பம்பின் சத்தம் ஒழுங்கை முடியும் வரை கூடவே வந்தது. என்ன சொல்லப் போகிறேன் என்று யோசித்தேன். இரண்டு மூன்று வசனங்கள் வந்தன. எல்லாம் வழக்கம்போலப் பூ வைத்த வசனங்கள். தண்ணீரின் தன்மை மாறிவிட்டதாம், புதுச் சோதனை ஒன்று வந்திருக்கிறதாம். படலையைத் திறக்கும்போது எல்லாவற்றையும் விட்டேன்.

சுகன்யா குசினியில் இருந்தாள். அடுப்பில் ஒரு சின்னச் சட்டி. தண்ணீர் தளதளவென்று கொதித்து, அரைவாசிக்குக் கீழே வற்றியிருந்தது.

"முந்தி ஒருக்காக் கொதிச்சவுடனை இறக்கிறனான், ரீச்சர்," என்றாள். "நீங்கள் சொன்னாப்பிறகு அரை மணித்தியாலம் வைக்கிறன். எனக்குக் காய்ச்சல் வந்து பால் குறைஞ்சு போச்சு. ரெண்டு கிழமையாப் போத்தல்தான் கூட."

நான் விறகை வெளியே இழுத்து அடுப்பை நூர்த்தேன். தவமலர் கிணற்றடியில் இருந்து ஈரக் கையோடு வந்தார்.

"அக்கா, நான் பிழையாச் சொல்லிப்போட்டன். இந்தப் பிள்ளை கொதிக்க வைக்கச் சொல்லேல்லை. அதை நான் என்ரை பாட்டிலை சொன்னது."

தவமலர் என்னைப் பார்க்கவில்லை. ஹனாவைப் பார்த்தபடியே என்னோடு கதைத்தார்.

"அந்தப் பிள்ளை என்ன சொன்னது? அது சொன்னதை அப்பிடியே சொல்லுங்கோ."

நான் சொன்னேன். இந்தத் தண்ணீரைப் பிள்ளைக்குக் குடுக்கவே கூடாது. பால்மா கரைக்கவும் கூடாது. அண்டைக்கே நிப்பாட்டச் சொன்னவ. கொதிக்க வைச்சால் இன்னும் கூடும்.

ஹனா பிள்ளையின் கையை விரித்து வெளிச்சத்தில் பார்த்தாள். நகக்கண்கள் மங்கல் நீலமாக இருந்தன. உதட்டின் ஓரமும்தான். சுகன்யா அதைக் கண்டிருக்கிறாள். வெயில் குறைவான குசினியின் நிழல் என்று நினைத்திருக்கிறாள்.

ஓட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். ஹனா முன்னால் சாரதி பக்கத்தில் ஒடுங்கி இருந்தாள். நாங்கள் மூன்று பேரும் பின்னால். பிள்ளை வழியெல்லாம் அழாமல் வந்தது. அது அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

டொக்டர் விபரம் கேட்டார். நான் விட்ட பிழையையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார். இரத்தம் எடுத்தார்கள். கடுமையான நிலைக்குப் போகவில்லை, தண்ணீரை மாற்றினால் தேறும், இரண்டு நாள் வைத்துப் பார்ப்போம் என்றார்கள். மூன்றாம் நாள் பிள்ளை வீட்டுக்கு வந்தது. நகங்கள் பிள்ளையின் நகங்களைப்போல இருந்தன.

பேராசிரியரின் தயக்கம்

பிள்ளை வீட்டுக்கு வந்த அன்றே தவமலர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஏசப்போகிறார் என்று நினைத்துப் போனேன்.

"எங்கடை கிணத்திலை அள்ளுற நாலு வீட்டுக்கும் நான் சொல்லிப்போட்டன்," என்றார். "மற்றக் கிணறுகள் என்ன மாதிரி? அந்தப் பிள்ளை கொப்பியிலை எழுதி வைச்சிருக்கு. அதைக் கனடாவுக்குக் கொண்டு போகவோ எழுதினது?"

இதை அப்படியே பேராசிரியரிடம் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. இந்தத் தாள்கள் ஆய்வுகூடச் சோதனைக்கு ஈடாகாது, மாணவர்கள் ஒரு ஊரின் கிணறுகளைக் கெட்டவை என்று அறிவிக்க அவர்களுக்கு உரிமை இல்லை, கல்லூரியின் அனுமதியும் இல்லை என்றார். அதோடு திட்டம் கூட்டெரு முற்றம் அல்லவா?

"அந்த முற்றத்துக்கு ஊர் சம்மதிக்கவில்லை," என்றேன். "சம்மதித்ததாக நான்தான் சொன்னேன். 'பார்ப்போம்' என்று சொன்னதை 'ஆம்' என்று சொன்னேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் தகுதியானவள்தான்.

ஹனா ஒன்றும் வாதாடவில்லை. ஆய்வுகூடம்தான் வேண்டுமென்றால் ஆய்வுகூடத்துக்கே கொண்டுபோவோம் என்றாள். அடுத்த நாள் நாங்கள் இருவரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைப் போய்ப் பார்த்தோம். அவர் ஒரு முறை கேட்டார், விளங்கிக்கொண்டார், தானே வந்து ஒவ்வொரு கிணற்றிலும் போத்தலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனார். மற்ற மூன்று மாணவர்களும் போத்தல்களுக்கு இலக்கம் ஒட்டினார்கள். பத்து நாள் காத்திருந்தோம். ஆய்வுகூட முடிவும் சோதனைத் தாள் சொன்னதையே சொன்னது. நல்லது என்று வந்தவை சில கிணறுகள்தான். அவற்றில் ஒன்று வைரவர் கோயில் கிணறு.

அதற்குப் பிறகு பேராசிரியர் மறிக்கவில்லை. ஊரைக் கூட்டி முடிவைச் சொல்லும் கூட்டத்துக்குத் தானும் வருகிறேன் என்றார்.

வாசிகசாலைக் கூட்டம்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வாசிகசாலையில் கதிரைகள் போதாமல் போயின. ஆம்பிளைகள் சுவரோடு நின்றார்கள். பரிசோதகர் முடிவுகளை வாசித்தார். யாருடைய கிணறு என்ற பெயர் வாசிக்கவில்லை, இலக்கம்தான். ஆனால் ஒவ்வொரு இலக்கத்துக்கும் எங்கோ ஒரு தலை குனிந்தது.

விவசாயிகளின் கமக்கார அமைப்புத் தலைவர் சிவபாதம் எழுந்தார். அறுபது கடந்தவர், முழங்காலுக்குக் கீழே எப்போதும் செம்மண் இருக்கும்.

"ரீச்சர், நான் சொல்லுறதை அந்தப் பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ. உவை மூண்டு மாசத்திலை பிளேன் ஏறிடுவினம். நாங்கள் இந்த மண்ணிலைதான் இருக்க வேணும். கிணறு பழுதெண்டு பேர் வந்தால் எங்கடை மரக்கறியை ஆர் வாங்குவினம்? இந்த ஊரிலை ஆர் பொம்பிளை எடுப்பினம்? உரம் போடாமல் விளைவிக்கச் சொல்லுறது லேசு. உவையின்ரை நாட்டிலை உரம் போடுறேல்லையோ எண்டு கேளுங்கோ."

அவர் சொன்ன எல்லாவற்றையும், குரலில் இருந்த கோபத்தோடேயே, ஆங்கிலத்தில் சொன்னேன். பேராசிரியர் கதிரையில் நெளிந்தார். ஹனா எழுந்தாள்.

"போடுகிறோம். என் அப்பாவும் போட்டார். எங்கள் வீட்டுக் கிணறும் இப்படித்தான் ஆனது. சோதனைதான் பிழை என்று இரண்டு வருடம் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். அவரும் உங்களைப்போல நல்ல விவசாயி."

நான் மொழிபெயர்த்தேன். பின்னால் ஒருவர் மெல்லச் சிரித்தார். சிவபாதம் சிரிக்கவில்லை.

"அப்ப என்ன செய்யச் சொல்லுறியள்? நிலத்துக்குக் கீழை போனதை என்னண்டு வெளியாலை எடுக்கிறது?"

ஹனா பேராசிரியரைப் பார்த்தாள். பரிசோதகரைப் பார்த்தாள். பிறகு அவரை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"எனக்குத் தெரியாது."

என் நாக்கு உள்ளே புரண்டது. இருபது வருடப் பழக்கம். அந்த இடத்தில் வைக்க எத்தனையோ வசனங்கள் என்னிடம் இருந்தன. அவை எல்லாம் சபையைச் சாந்தப்படுத்தும், எல்லாரும் தேநீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

"தனக்குத் தெரியாது எண்டு சொல்லுறா," என்றேன்.

சிவபாதம் மெல்லக் கதிரையில் அமர்ந்தார்.

தவமலர் பெண்கள் பக்கத்தில் இருந்து எழுந்தார். அவர் சபையில் கதைத்து அந்த ஊர் கண்டதில்லையாம், பிறகு சொன்னார்கள்.

"ஏழாம் இலக்கம் எங்கடை கிணறு," என்றார். "நான் வாயாலை சொல்லுறன், ஒருத்தரும் ஒளிச்சு வைச்சுக் கதைக்கத் தேவையில்லை. என்ரை பேரனை அந்தத் தண்ணியாலை ஆஸ்பத்திரியிலை வைச்சிருந்தனாங்கள். வெளியிலை இருந்து வந்த ஒருத்தர் தெரியாது எண்டு சொல்லி நான் இண்டைக்குத்தான் கேக்கிறன். இதுவரைக்கும் வந்தவை எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சிருந்தது. அவைக்குத் தெரியாட்டில் நாங்கள்தான் யோசிக்க வேணும். முதலிலை, எந்த வீட்டிலை கைக்குழந்தை இருக்கு, எந்த வீட்டிலை பிள்ளைத்தாய்ச்சி இருக்கு எண்டு சொல்லுங்கோ."

ஒரு பெண் கை உயர்த்தினாள். பிறகு இன்னொருத்தி.

ஊர் செய்தது

எல்லாம் நன்றாக முடிந்தது என்று எழுத எனக்கு ஆசைதான். நடந்ததை எழுதுகிறேன்.

வைரவர் கோயில் கிணற்றில் இருந்து கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு முறைவைத்துத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். முதல் கிழமையே முறை குழம்பியது. இரண்டு வீட்டுக்காரர் கதைபேச்சு இல்லாமல் இருந்தவர்கள், ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போக மாட்டார். தவமலர் அந்த இரண்டு முறையையும் தானே எடுத்தார். சைக்கிள் கரியரில் தண்ணீர்க் கானைக் கட்டிக்கொண்டு ஐம்பத்தைந்து வயதில் ஓடினார்.

தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி கேட்டுப் பெண்கள் பிரதேச சபைக்குப் போனார்கள். முதல் தடவை கடிதம் கொண்டுவரச் சொன்னார்கள். இரண்டாம் தடவை கடிதத்தில் உள்ள கையொப்பங்கள் போதாது என்றார்கள். மூன்றாம் தடவை போகும்போது சுகன்யா பிள்ளையையும் கொண்டு போனாள். ஆறாம் தடவையோடு கிழமையில் மூன்று நாள் பவுசர் வந்தது.

சிவபாதம் கடைசிவரை அந்தப் பெண்களின் வேலையில் சேரவில்லை. யூரியாவையும் குறைக்கவில்லை. ஆனால் வேறு நாலு தோட்டக்காரர், ஆளுக்கு ஒரு துண்டு நிலத்தில் மாட்டெருவும் இலைக்குழையும் போட்டுப் பார்க்கிறோம் என்று வந்தார்கள். முதல் போகம் வெங்காயம் சின்னதாகத்தான் வந்தது. இரண்டாம் போகமும் போட்டார்கள்.

மாணவர்கள் கூட்டெரு முற்றத்தைக் கைவிட்டு, அந்த ஊர்க் கிணறுகளைப் பற்றியே அறிக்கை எழுதினார்கள். போகிறதற்கு முதல் கிழமை ஹனா அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். தவமலர் வீட்டுக் கதை வந்த இடத்தில் "தகவல் பரிமாற்றத்தில் ஏற்பட்ட தாமதம் காரணமாக" என்று இருந்தது.

"இது என்ன?" என்று கேட்டேன்.

"வேறு எப்படி எழுதுவது? உண்மையை எழுதினால் இனி உங்களை யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள்."

"மொழிபெயர்ப்பாளர் தானாக ஒரு வசனத்தை மாற்றினார், அதனால் ஒரு குழந்தை நோயுற்றது. அப்படி எழுது."

அவள் மாட்டேன் என்றாள். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. அவள் அதை எழுதி, எனக்கு வாசித்துக் காட்டிய பிறகுதான் எழும்பினேன். அடுத்த வருடம் முழுவதும் வெளிநாட்டுக்காரரிடம் இருந்து எனக்கு ஒரு அழைப்பும் வரவில்லை. அதற்கு அடுத்த வருடம் ஒன்று வந்தது. கூப்பிட்டவர் அறிக்கையின் அந்தப் பக்கத்தைப் படித்திருந்தார்.

சுகன்யா

தவமலரிடம் நான் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டேன். சுகன்யாவிடம் கேட்கவில்லை. அரை மணி நேரம் நெருப்பின் முன்னால் நின்று, நான் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தவள் அவள்தான். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு ஏலாமல் இருந்தது.

பிள்ளைகள் கனடாவுக்குப் போன பிறகு ஒருநாள் துணிந்து போனேன். அவள் முற்றத்தில் பாய் போட்டு, மகனைக் குப்புற விட்டு, அவன் தலைதூக்குகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் இருந்து, தயார்பண்ணிக்கொண்டு வந்ததைச் சொல்லத் தொடங்கினேன். அவள் இடையில் மறித்தாள்.

"மன்னிப்பு வேண்டாம், ரீச்சர்."

அவள் பாயின் சுருங்கிய விளிம்பை நேராக்கினாள்.

"அண்டைக்கு அந்தப் பிள்ளை கதைக்கேக்கை நான் அவவின்ரை முகத்தைப் பாத்துக்கொண்டுதான் நிண்டனான். ஏதோ பயந்துதான் கதைக்கிறா எண்டு எனக்குத் தெரிஞ்சது. நீங்கள் சொன்னதிலை பயம் இருக்கேல்லை. கேக்க வேணும் எண்டு நினைச்சனான். என்ன பாஷையிலை கேக்கிறது? அதாலை பேசாமல் விட்டிட்டன்."

மகன் பாயில் முகம் குத்தினான். அவள் நிமிர்த்தி விட்டாள்.

"எனக்கு இங்கிலீசு சொல்லித் தாங்கோ. அடுத்த முறை அவை வரேக்கை நான் நேரை கதைக்க வேணும். நீங்கள் பக்கத்திலை இருங்கோ. ஆனா நான்தான் கதைப்பன்."

சனிக்கிழமை போனேன். புதுக் கொப்பி வாங்கி வைத்திருந்தாள். என் பெயர் இது, என் ஊர் இது என்று நான் வழக்கமாகத் தொடங்குகிற இடத்தில் தொடங்கப் பார்த்தேன். அது வேண்டாம், பேந்து பார்க்கலாம் என்றாள். முதலில் தனக்கு ஒரே ஒரு வசனம்தான் வேண்டுமாம்.

"எனக்கு விளங்கேல்லை, இன்னொருக்காச் சொல்லுங்கோ. இதை இங்கிலீசிலை எப்பிடிச் சொல்லுறது?"

சொன்னேன். அவள் அதைத் தமிழ் எழுத்தில் எழுதி, மகனை மடியில் வைத்துக்கொண்டு, தடக்காமல் வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள்.